பொன்னிற நச்சுத் தவளை



மழை ஓய்ந்த இரவில் தவளைகள் கத்துவதை நாம் கேட்டிருக்கிறோம். அவற்றைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை. ஆனால், உலகின் மிகக் கொடிய நஞ்சுடைய உயிர்களுள் ஒரு தவளையும் உண்டு. அதனைப் பற்றி அறிந்துகொள்வோம்.

தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டில், பசிபிக் கடற்கரையை ஒட்டிய மழைக்காடுகளில் மட்டுமே இத்தவளை வாழ்கிறது. இதன் நீளம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். பெரும்பாலும் பொன்மஞ்சள் நிறமுடையது; செம்மஞ்சள், வெளிர்பச்சை நிறங்களிலும் காணப்படும். "என்னைத் தொடாதே" எனப் பகைவரை எச்சரிக்கும் நிறம் அது. 1978ஆம் ஆண்டில் அறிவியலார் இதற்குப் 'பில்லோபேட்டிஸ் டெரிபிலிஸ்' எனப் பெயரிட்டனர். டெரிபிலிஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'அச்சம் தருவது' என்று பொருள்.

இதன் நஞ்சு தோலில் உள்ளது. அது நரம்புகளைத் தாக்கி, தசைகளை இறுக்கி, இதயத்தை நிறுத்திவிடும். அந்நாட்டின் எம்பெரா பழங்குடியினர் அம்பு முனையை இத்தவளையின் முதுகில் தேய்த்து, ஊதுகுழலில் வைத்து ஊதி வேட்டையாடி வந்தனர். நம் நாட்டு ஓராங் அஸ்லி மக்கள் ஈப்போ மரத்தின் பாலை அம்பில் பூசுவதும் இதைப் போன்றதே.

இத்துணைக் கொடிய உயிருக்கும் பிள்ளைப் பாசம் உண்டு. ஆண் தவளை தன் தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து சென்று நீரில் விடுகிறது.

இனி, நாம் கருத்தூன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்நஞ்சைத் தவளை தானே உண்டாக்குவதில்லை. காட்டில் உண்ணும் சிற்றுயிர்களிடமிருந்தே பெறுகிறது என்பர் அறிவியலார். மனிதர் வளர்ப்பில் பிறந்து, வேறு இரை உண்டு வளரும் தவளைக்கு நஞ்சு இல்லை. எனவே, நஞ்சு என்பது காடு தந்த கவசமாகும்.

அக்காடோ குறைந்து வருகிறது. மரம் வெட்டுதல், தங்கம் தோண்டுதல், கோக்கா பயிரிடுதல் ஆகியவை அதனை அழிக்கின்றன. தவளைகளைத் திருட்டுத்தனமாகப் பிடித்து விற்போரும் உளர். ஆகவே, இத்தவளை அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இதனைக் காக்க 2012ஆம் ஆண்டில் அங்கே ஒரு காப்பகம் அமைக்கப்பட்டது.

பகை விலங்குகளை விரட்டும் நஞ்சு, மரம் அறுக்கும் இயந்திரத்தை விரட்டாது. ஓர் உயிரைக் கூண்டில் காப்பது மட்டும் போதாது. அதன் இருப்பிடத்தையும் காக்க வேண்டும். நம் தோட்டத்து ஆற்றிலும் ஓடையிலும் குப்பையையும் பூச்சிமருந்தையும் கொட்டாதிருப்போம். பெற்றோரும் இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பார்களாக.

வினாக்கள்:

1. இத்தவளை எந்நாட்டில் வாழ்கிறது?
2. எம்பெரா மக்கள் இதன் நஞ்சை எவ்வாறு பயன்படுத்தினர்?
3. வளர்ப்பில் பிறந்த தவளைக்கு நஞ்சு இல்லாதது ஏன்?