45 ஜிபியில் நின்ற கோப்பு

60 ஜிபி வீடியோ ஒன்றை ஒரு லினக்ஸ் கணினியிலிருந்து இன்னொன்றுக்கு எஸ்சிபி வழியாக அனுப்புகிறீர்கள். 45 ஜிபி போனதும் நின்றுவிடுகிறது. அதே கட்டளையைத் திரும்பத் தட்டாதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடர எஸ்சிபிக்குத் தெரியாது. முதல் பைட்டிலிருந்து ஆரம்பிக்கும். எதனால் நின்றது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

சேரும் இடத்தில் கோப்பு எவ்வளவு வந்திருக்கிறது என்று பாருங்கள். சரியாக 4 ஜிபியில் நின்றிருந்தால் நெட்வொர்க்கைச் சந்தேகிக்க வேண்டாம். அந்த வட்டு ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டுக்கு மேல் வளராது. எக்ஸ்ஃபேட்டுக்கோ இஎக்ஸ்டி4-க்கோ மாற்றுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முன்பே வேறிடத்தில் எடுத்து வையுங்கள். வேறு அளவில் நின்றிருந்தால் டிஎஃப் கட்டளையால் மீதி இடத்தைப் பாருங்கள். டெம்ப் அடைவுக்குள் இறக்கியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: பல லினக்ஸ் வகைகளில் அது வட்டில் இல்லை, ரேமில் இருக்கிறது.

நிற்காமல் ஆமை வேகத்தில் போகிறதா? அப்படியானால் வேகத்தின் எண்ணையே கவனியுங்கள். நொடிக்கு 11 எம்பி என்று அசையாமல் நின்றால் இணைப்பு 1000 மெகாபிட்டில் ஓடவில்லை, 100-க்கு இறங்கிவிட்டது. ஜிகாபிட்டுக்குக் கேபிளின் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடி போதும். மீதி 2 ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும், பிளக்கில் அவற்றின் பின் ஒன்று சரியாகப் பதியாவிட்டாலும் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாது, பத்தில் ஒரு பங்கு வேகத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்தக் கோளாறு எளிதில் கண்ணில் படுவதில்லை. மென்பொருள் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தே நாள் போய்விடும். ஈத்டூல் கட்டளை ஓடும் வேகத்தைச் சொல்லிவிடும். கேபிளை மாற்றினால், ஒன்றரை மணி நேரம் எடுத்த அந்த 60 ஜிபி பத்து நிமிடத்துக்குள் போய்ச் சேரும்.

ஈத்டூல் 1000 என்று காட்டியும் வேகமில்லையா? ஐபெர்ஃப்3-ஐ இரண்டு கணினியிலும் ஓட்டுங்கள். அது வட்டைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். 900 மெகாபிட்டுக்கு மேல் வந்தால் பாதை நன்றாக இருக்கிறது, வட்டுதான் திணறுகிறது. வெளி வட்டை யுஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தால் நொடிக்கு 30, 40 எம்பிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். டிமெசேஜ் கட்டளையில் வட்டுப் பிழைகள் தெரிந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு, அந்த வட்டில் உள்ள முக்கியமானவற்றை முதலில் காப்பாற்றுங்கள்.

விபிஎன் வழியாக அனுப்பும்போது, உள்நுழைவு நடந்து, சின்னக் கோப்பும் போய், பெரியது மட்டும் தொங்கினால் எம்டியு அளவைச் சந்தேகியுங்கள். 1500-லிருந்து 1400-ஆகக் குறைத்துப் பாருங்கள்.

இனி மறுபடி அனுப்பலாம், ஆனால் ஆர்சிங்க் கொண்டு. ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-இல் மெதுவான இணைப்புகளை மனத்தில் வைத்து உருவாக்கிய கருவி அது. பெரிய எழுத்து பி விருப்பத்தைச் சேர்த்தால், பாதி வந்ததை அழிக்காமல் வைத்துக்கொள்ளும். கோப்பின் பெயர் மாறாமல் இருந்தால் எஸ்சிபி விட்டுச்சென்ற 45 ஜிபியும் வீண்போகாது. தொடங்கியதும் சில நிமிடம் எதுவும் நகராததுபோல் இருக்கும். இருப்பதைப் படித்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது, கன்ட்ரோல் சி அழுத்திவிடாதீர்கள். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது என்பதால் இசட் விருப்பம் வேண்டாம். சிபியு நேரம்தான் விரயமாகும்.

மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக அனுப்பும் கணினிக்குள் நுழைந்திருந்தால், கட்டளையை அந்தக் கணினியில் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள்; மடிக்கணினியை மூடினாலும் வேலை நிற்காது. எஸ்எஸ்எச் அமைப்பில் சர்வர் அலைவ் இன்டர்வல் 60 என்று வைத்தால், பேச்சில்லாத இணைப்பை நடுவில் உள்ள ஃபயர்வால் துண்டிப்பது குறையும்.

வந்து சேர்ந்ததும் இரண்டு கணினியிலும் ஷா256சம் ஓட்டுங்கள். இரண்டு வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்வரை மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.