பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

மாமா கடலுக்குப் போவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது. அவருடைய 28 அடி ஃபைபர் படகு தரங்கம்பாடிக் கரையில், பனைமரத்தடியில், மழைநீரும் சருகும் நிரம்பிக் கிடந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் பெருகிய காலத்தில் வந்த படகு அது. "எடுத்துக்கோ மாப்ள, வெயில்ல வீணாப் போவுது" என்றார். கரையிலேயே வளர்ந்தும் நான் கணக்கு எழுதும் வேலைக்குப் போனவன். படகு வேலையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. நேராகப் போய் நீல பெயிண்ட் வாங்கி வந்தேன்.

ஃபைபர் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் டப்பாவைப் பார்த்துவிட்டு, சுத்தியலைத் திருப்பிப் பிடித்து அதன் மரப்பிடியால் படகைத் தட்டிக்கொண்டே வந்தார். அணியத்திலிருந்து பக்கவாட்டு முழுக்க 'டக் டக்'. இன்ஜின் மாட்டும் பின்பலகையில் மட்டும் 'தொப் தொப்'. "ஃபைபர் அழுவாது தம்பி. உள்ள வச்ச பலகைதான் அழுவும்." சிறு துளை போட்டதும் பழுப்புத் தண்ணீர் வடிந்தது. ஏறத்தாழ 40 கிலோ இன்ஜினைத் தாங்கி, மொத்தப் படகையும் தள்ளும் விசையை வாங்கும் பலகை அது. போல்ட் ஓட்டைகள் வழியாக வருடக்கணக்கில் நீர் குடித்து ஊறிப்போயிருந்தது.

உள்பக்கத் தோலை மட்டும் வெட்டி எடுத்தோம். வெளித்தோலை விட்டுவைத்தால்தான் படகின் வடிவம் கெடாது. அழுகியதைச் சுரண்டிய பிறகு ஒரு மாதத்துக்கு மேல் காயவிட்டேன். அந்த மாதம் பொறுத்ததைத்தான் நான் செய்த மிக நல்ல வேலை என்பேன். ஈரத்தின்மேல் ரெசின் பிடிக்காது. பிறகு இரண்டு 18 மில்லி மெரைன் பிளைவுட்டை ஒட்டிப் பொருத்தி, கண்ணாடி இழை மேட்டும் ரெசினும் அடுக்கினோம். போல்ட் ஓட்டையை வேண்டியதைவிடப் பெரிதாகத் துளைத்து, குழைத்த ரெசினால் நிரப்பி, அது இறுகியதும் அதன் நடுவில் மறுபடி துளைத்தோம். இப்போது போல்ட்டைச் சுற்றி ரெசின்தான் இருக்கிறது. மரத்துக்கு நீர் போக வழியில்லை.

ரெசின் வேலையில் அவசரம் ஆகாது. அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குதான். நண்பகலில் கூடுதலாக ஊற்றி ஒரு குவளை முழுவதும் புகைந்து கல்லாகிப் போனது. அதன்பின் காலையில், பனி காய்ந்ததும், சிறிது சிறிதாகக் கலந்தேன். இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்ட். விரிசலை அடைக்கும்போது சுற்றிலும் அகலமாகத் தேய்த்துச் சரிவு கொடுங்கள். ஒரு மில்லி தடிப்புக்குப் பன்னிரண்டு மில்லி சரிவு. குழியில் மட்டும் ரெசினை ஊற்றினால் அலை அடியில் பெயர்ந்துவிடும். தேய்க்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நல்ல மாஸ்க் மூன்றும் வேண்டும். முதல் நாள் வெறுங்கையோடு தேய்த்துவிட்டு இரவெல்லாம் அரிப்பில் தூங்கவில்லை. குளிர்ந்த நீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம்.

இன்ஜின் அவ்வளவு படுத்தவில்லை. கியர் ஆயில் பால்போல் வெளுத்து வந்தது. நீர் புகுந்ததற்கு அடையாளம். சீலை மாற்றினோம். நீரேற்றும் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து முறிந்திருந்தது, அதையும் மாற்றினோம். அவுட்போர்டை வறட்டில் ஓடவிட்டால் இம்பெல்லர் சில நொடிகளில் கருகும். நல்ல தண்ணீர் நிரப்பிய பேரலில் இறக்கித்தான் முடுக்கினோம். பக்கவாட்டில் நீர் பீச்சியடித்ததும் மாமா கையைத் தட்டினார்.

பெயிண்ட் டப்பாவை ஏழாவது மாதம்தான் திறந்தேன்.

நீங்களும் இப்படி ஒரு படகை எடுப்பதாக இருந்தால், மழை ஓய்ந்த தை, மாசியிலேயே தொடங்கிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்க வந்துவிடும். கைதேர்ந்தவர்கள் ஒருவரும் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்கள்.