எனக்குக் கேட்டது, நான் கேட்டேன்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நேர்காணலில் ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். நீங்கள் ‘ஐ ஆம் ஹியரிங் சாங்ஸ்’ என்றீர்கள். எதிரே இருந்தவர் எல்லார் முன்னும் திருத்தினார். அன்று முதல் வாய் திறக்கும் முன்பே எந்தச் சொல் சரி என்ற தயக்கம் வந்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ‘ஹியர்’, ‘லிஸன்’ இரண்டுக்கும் அகராதியில் ‘கேள்’ என்றுதானே இருக்கிறது, பிறகு எப்படிப் பிரித்து அறிவது என்பது உங்கள் கேள்வி. நியாயமான கேள்வி. உங்கள் தமிழிலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

‘எனக்கு மணிச் சத்தம் கேட்டது’ என்கிறோம். ‘நான் பாட்டுக் கேட்டேன்’ என்றும் சொல்கிறோம். வினை ஒன்றுதான். ஆனால் முன்னதில் ‘எனக்கு’, பின்னதில் ‘நான்’. மணிச் சத்தம் தானாக வந்து காதில் விழுந்தது. பாட்டுக்கு நாம் காது கொடுத்தோம். தானாக விழுவது ‘ஹியர்’. காது கொடுப்பது ‘லிஸன்’. ஆங்கிலம் இரண்டு சொல்லால் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் ஓர் உருபால் காட்டிவிடுகிறது. கண்ணுக்கும் இப்படித்தான். ‘எனக்கு மலை தெரிகிறது’ என்றால் ‘சீ’. ‘அந்த மலையைப் பார்’ என்றால் ‘லுக்’. அசைவதையும் மாறுவதையும் கண் தொடர்ந்தால் ‘வாட்ச்’: கிரிக்கெட் ஆட்டம், அடுப்பில் பொங்க நிற்கும் பால், தெருவில் விளையாடும் குழந்தை. இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் சூத்திரம் இல்லை. ‘நேற்று அவரைப் பார்த்தேன்’ என்பது ஆங்கிலத்தில் ‘சீ’யின் இறந்தகாலமான ‘சா’ என்றே வரும். ஆனாலும் முதலில் பிடித்துக்கொள்ள இது நல்ல கைப்பிடி.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் ‘கிவ்’ ஒன்றுதான். தொல்காப்பியமோ ஈ, தா, கொடு என்று மூன்றைச் சொல்லி, தாழ்ந்தவர் கேட்கும்போது ஈ, சமமானவர் கேட்கும்போது தா, உயர்ந்தவர் கேட்கும்போது கொடு என்று வகுத்தது. ஒவ்வொரு மொழியும் வரப்பைத் தன் நிலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. இரு மொழியின் வரப்பும் ஒத்துப்போகவில்லை என்பதால் உங்கள் அறிவில் குறை இருப்பதாக ஆகிவிடாது.

அடுத்து, டீக்கடைக்கு வாருங்கள். ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்கிறோம். ‘பவர்ஃபுல்லா ஒரு டீ’ என்று யாரும் கேட்பதில்லை. இரண்டுக்கும் அகராதியில் ‘வலிமையான’ என்றுதான் இருக்கும். ஆனால் டீ ‘ஸ்ட்ராங்’கோடுதான் சேரும், என்ஜின் ‘பவர்ஃபுல்’லோடு சேரும். மழையைப் பாருங்கள். தமிழில் பலத்த காற்று, பலத்த மழை இரண்டும் சரி. ஆங்கிலத்தில் காற்று ‘ஸ்ட்ராங்’, மழை ‘ஹெவி’. நம் ‘கனமழை’ அந்த ‘ஹெவி’க்கு மிக அருகில் நிற்கிறது. இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்பது பழக்கம். அதைப் பழகித்தான் அறிய வேண்டும்.

இதனால்தான் ஒரே பொருள் தரும் பல சொற்களின் பட்டியல் கற்பவரைக் கவிழ்த்துவிடும். நம் பிங்கல நிகண்டைப் போல ஆங்கிலத்திலும் ஒன்று உண்டு. பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட ‘தெஸாரஸ்’ அது. இரண்டுமே மொழியை ஏற்கெனவே அறிந்தவருக்கு உதவும் நூல்கள். புதிதாக வருபவருக்கு வேறு நூல் வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி அதைக் கண்டுகொண்டார். அவரும் இரு துணையாசிரியர்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதை வெளியிட்டது. ஒரு வினைக்குப் பின்னால் வாக்கியம் எப்படி அமைய வேண்டும் என்று அது காட்டியது. ‘டெல்’ வந்தால் பெரும்பாலும் யாரிடம் என்பது உடனே ஒட்டி வரும்: ‘டெல் மீ’. ‘சே’க்கு நடுவில் ‘டு’ வேண்டும். நம்மில் பலர் ‘ஹி செட் மீ’ என்று தவறுவது இந்த இடத்தில்தான். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987இல் வெளிவந்த ‘கோபில்ட்’ அகராதி இன்னும் ஒரு படி போனது. மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் கணினியில் திரட்டி, அதிலிருந்து சொல்லின் பயன்பாட்டைக் கண்டு, பொருளையே முழு வாக்கியமாக எழுதியது.

கடைசியாக, சொல்லின் உடுப்பு. 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் அங்கே குவிந்தன. பின்னர் லத்தீனும் வந்தது. அதனால் ஒரே செயலுக்கு மூன்று தளங்களில் சொல் கிடைக்கிறது. தெருவில் வழி கேட்டால் ‘ஆஸ்க்’. துருவிக் கேட்டால் ‘கொஸ்டின்’. காவல் நிலையத்தில் விசாரித்தால் ‘இன்டராகேட்’. நமக்கும் சொல், கூறு, இயம்பு என்று இருக்கின்றன. ‘அம்மாவிடம் இயம்பினேன்’ என்று நாம் பேசுவதில்லை. அப்படியிருக்க, ஆங்கிலம் எழுத உட்கார்ந்தவுடன் காய்கறியைக்கூட ‘பர்ச்சேஸ்’ செய்கிறோம். ‘பை’ போதும். கனமான சொல் உயர்ந்த சொல் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது இதுதான். நோட்டில் சொல்லுக்கு எதிரே தமிழ்ப் பொருள் எழுதும் வழக்கத்தை நிறுத்துங்கள். படித்த வாக்கியத்தை அப்படியே எழுதி, சொல்லுக்கு முன்னும் பின்னும் நிற்பவற்றின் கீழே கோடிடுங்கள். ஒரு சொல்லுக்கு மூன்று வாக்கியம் சேர்ந்த பிறகு நான்காவதை நீங்களே எழுதுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு சொல் போதும். ‘கனமழை’யையும் ‘பலத்த காற்றை’யும் உங்களுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது. இதுவும் அப்படியே வரும், கொஞ்சம் மெதுவாக.

அடுத்த கடிதத்தில் பத்து வாக்கியம் எழுதி அனுப்புங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். ஓய்வில் என்ன பாட்டுக் கேட்பீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும், ஆங்கிலத்திலேயே.

அன்புடன்,
உங்கள் நண்பன்