கம்பெனி எதன் மேல் நிற்கிறது?

சிதம்பரம்,
தை மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு, மாமா எழுதுவது.

பண்ருட்டி முந்திரிக் கம்பெனியை அப்பா உன்னிடம் ஒப்படைத்துவிட்டார் என்று கேட்டதில் எனக்கும் அத்தைக்கும் ரொம்ப சந்தோஷம். வங்கியில் ஐந்து வருஷத் திட்டம் கேட்கிறார்கள், பருப்பு விலை எப்படிப் போகும் மாமா என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியாது அம்மா. தெரியும் என்று யாராவது சொன்னால், அதை நம்பிக் கடன் வாங்காதே. அதற்கு முன்னால் நீ கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: நம் கம்பெனி எதன் மேல் நிற்கிறது? அது ஒருநாள் இல்லாமல் போனால் என்ன செய்வோம்?

அண்ணாமலையில் எம்.பி.ஏ. படிக்கும்போது பரங்கிப்பேட்டைக்குப் போயிருப்பாய். அங்கே ஓர் இரும்பாலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-இல் தொடங்கியது. சேலத்து இரும்புத்தாது உயர்ந்த ரகம். சர்க்காரின் ஆதரவும் இருந்தது. இங்கே உருக்கிய இரும்பு இங்கிலாந்துக்கே கப்பலேறியது. ஆனால் உலை எரிந்தது மரக்கரியில். வெட்ட வெட்டக் காடு தள்ளிப்போனது, கரியின் விலை ஏறியது. இங்கிலாந்திலோ நிலக்கரியில் உருக்கிய இரும்பு மலிந்துகொண்டே வந்தது. 1860-களில் ஆலை ஓய்ந்துவிட்டது. ஹீத் லேசுப்பட்டவர் அல்ல. எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கியவர். தாதுவும் உலையும் அவருக்கு அத்துப்படி. காடு தீர்ந்தால் என்ன என்பதற்குத்தான் வழி இல்லை.

நம் தொழிலுக்கு அந்தக் காடு எது? 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது நீ சின்னப் பிள்ளை. தாத்தா காலத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஒட்டுக்கன்று வைத்தாலும் காய்க்க மூன்று வருஷம், நிறைய காய்க்க அதற்கும் மேல். சொந்தத் தோப்புக் கொட்டையை மட்டுமே நம்பியவர்கள் நொடித்துப்போனார்கள். ஆப்பிரிக்கக் கொட்டை வாங்கப் பழகியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். சரி, இறக்குமதிதான் வழி என்று முழுக்க அதில் இறங்கினால், 2016 பட்ஜெட்டில் அதற்கு 5 சதவீத சுங்கவரி வந்தது. 2018-இல்தான் பாதியாகக் குறைந்தது. இப்போது ஐவரி கோஸ்ட் அரசு தன் கொட்டையைத் தன் நாட்டிலேயே உடைக்கப் பார்க்கிறது. தோப்பை நம்பினால் காற்று, கப்பலை நம்பினால் சட்டம். இரண்டிலும் கால் வைத்துத்தான் நிற்க வேண்டும்.

ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் பியர் வாக் பற்றிப் பாடத்தில் வந்திருக்கும். எண்ணெய் நாடுகள் பிடியை இறுக்கினால் என்ன ஆகும் என்று 1970-களின் தொடக்கத்திலேயே அவர் குழு எழுதிப் பார்த்தது. 1973-இல் அது நடந்தது. நீயும் அப்படி எழுது, பெரிய அறிக்கையாக வேண்டாம். கொட்டை வராத வருஷம், பருப்பு விலை சரியும் வருஷம், தோல் உரிக்க ஆள் கிடைக்காத வருஷம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். ஒவ்வொன்றிலும் முதல் அறிகுறி எது, அன்றைக்கே எதை நிறுத்துவோம், யாரிடம் பேசுவோம் என்பது இருக்கட்டும். ஆள் விஷயத்தை உரிக்கிற பெண்களிடமே கேட்டு எழுது. தங்கள் மகள்கள் இந்த வேலைக்கு வருவார்களா என்று அவர்களுக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியாது.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் பங்குனி, சித்திரைக் கொட்டையிலேயே முடக்காதே. தான்சானியாக் கொட்டை ஐப்பசி வாக்கில் சந்தைக்கு வரும், அதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கு. மூன்று மாதக் கூலியைத் தனிக் கணக்கில் போட்டுவிடு. சும்மா கிடக்கிற பணம் என்று அப்பாவே சொல்வார். நல்ல வருஷங்களில் அவர் சொல்வது நியாயமாகக்கூடத் தோன்றும். அப்போதும் தொடாதே. குடோன் காப்பீட்டில் புயலும் வெள்ளமும் சேர்ந்திருக்கின்றனவா என்று நீயே படித்துப் பார். 2015 வெள்ளத்தை இந்த மாவட்டம் மறக்கக்கூடாது.

மாசி மகத்துக்குக் கிள்ளைத் தீர்த்தவாரிக்கு வருவாய் அல்லவா? அந்த மூன்று தாள்களையும் எடுத்து வா. கொட்டைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மாமா