9 கிராம் தள்ளுது, 16 தையல் தாங்குது

போன சித்திரையில ஒரு நாள் சிதம்பரத்துல இருந்து தாத்தா ஃபோன் பண்ணார். "கண்ணு லேசா செவந்திருக்குடா, தூசி பட்டிருக்கும்"னார். மெடிக்கல்ல கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ரெண்டு நாளா விட்டுக்கிட்டிருக்கார். வேற யார் கண்ணா இருந்தாலும் நானும் அதோட விட்டிருப்பேன். ஆனா அந்தக் கண்ணுல இருக்கிறது வேற ஒருத்தர் தானமா கொடுத்த கருவிழி. மாற்று ஆபரேஷன் முடிஞ்சு 14 மாசம்தான் ஆகியிருந்தது.

அதுக்கு முந்தின தை அறுவடையில நெல்லு தூத்தும்போது ஒரு பதர் கண்ணுல குத்திடுச்சு. நம்ம கடலூர் மாவட்டத்துக்கு இது புதுசு இல்ல. நெல், கரும்பு வயல்ல வேலை செய்றவங்க கண்ணுல இலையோ தாளோ கீறினா, அந்தக் கீறல் வழியா பூஞ்சை உள்ள போய் புண்ணாக்கிடும். அரவிந்த் கண் மருத்துவமனைகள்ல 323 பேர் மேல நடந்த ஒரு பெரிய ஆய்வு 2013ல வெளிவந்தது. நாட்டாமைசின் சொட்டு மருந்து போட்டவங்களுக்கு, வொரிகோனசோல் போட்டவங்களை விட பார்வை நல்லா இருந்தது, கருவிழி ஓட்டை விழுறதும் குறைவா இருந்ததுன்னு அதுல தெரிஞ்சது. தாத்தா லேட்டா போனார். புண்ணு மருந்துக்கு அடங்கல. புண்ணான பகுதியை வட்டமா வெட்டி எடுத்துட்டு, தானமா வந்த கருவிழியை வச்சுத் தைச்சாங்க.

இங்கதான் என் மெக்கானிக்கல் மூளை உள்ள வந்தது. அந்தப் புது கருவிழி ஒரு சட்டை பட்டன் மாதிரி, சுமார் 7.5 மில்லிமீட்டர் விட்டம், அரை மில்லிமீட்டர் தடிமன். சுத்தி 16 தையல்னு வச்சுக்குவோம். நூல் 10-0 நைலான், தலைமுடியில மூணுல ஒரு பங்கு தடிமன்தான். கண்ணுக்குள்ள அழுத்தம் சாதாரணமா 15 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது 2 கிலோபாஸ்கல். அழுத்தத்தைப் பரப்பளவால பெருக்கிப் பாருங்க. பட்டனை வெளிய தள்ளுற விசை 0.09 நியூட்டன் கிட்ட வரும். நம்ம பாஷையில சொன்னா 9 கிராம் எடை. ஒரு தையலுக்கு அரை கிராம் கொஞ்சம் மேல. தையல் போட்ட இறுக்கத்தை இதுல நான் சேர்க்கல, ரஃப் கணக்குதான். இவ்வளவுதானான்னு தோணும். ஆனா கண்ணை அழுத்தித் தேய்ச்சா, இருமினா, குனிஞ்சு மூட்டை தூக்கினா அழுத்தம் சட்டுனு ஏறும். தேய்க்கும்போது பல மடங்கு கூட போகும்.

"சரி, காயம் ஆறிட்டா தையல் எதுக்கு?"ன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். கையில வெட்டுப்பட்டா பத்து நாள்ல ஒட்டிக்கும், ஏன்னா அங்க ரத்தம் ஓடுது. கருவிழியில ரத்தக்குழாய் கிடையாது. இருந்தா கண்ணாடி மாதிரி தெளிவா இருக்காதே! அதனால ஆறுறது ரொம்ப மெதுவா நடக்கும், தையலை ஒரு வருஷம், அதுக்கு மேலயும் விட்டு வைப்பாங்க. முழுசா ஆறினாலும் அந்த இணைப்பு பழைய பலத்துக்கு வராது. வெல்டிங் பண்ண இடம் மாதிரின்னு சொல்ல வந்தேன், ஆனா நல்ல வெல்டு மூல உலோகத்துக்கு ஈடா நிக்கும், இது நிக்காது. ஆபரேஷன் முடிஞ்சு பல வருஷம் கழிச்சு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, சரியா அந்த வட்டத்துலயே கண் பிளந்தவங்க உண்டு.

அடுத்த சிக்கல் மருந்துல. வேற ஆளோட திசுவை உடம்பு எதிர்க்காம இருக்க ஸ்டீராய்டு சொட்டு வேணும். அதே ஸ்டீராய்டு காயம் ஆறுறதைத் தாமதப்படுத்தும், கண் அழுத்தத்தை ஏத்தவும் செய்யும். பூஞ்சைப் புண்ணுக்காக ஆபரேஷன் பண்ணவங்களுக்கு இன்னும் மோசம். மிச்சம் இருக்கிற பூஞ்சை ஸ்டீராய்டுல செழிச்சு வளரும்னு ஆரம்பத்துல அதைக் கொடுக்கவே தயங்குவாங்க. அப்போ எதிர்ப்பு வர்ற ஆபத்து கூடும். எந்தப் பக்கம் திருகினாலும் இன்னொரு பக்கம் லூசாகுது.

தையல் ஓரமா ரத்தக்குழாய் வளர்ந்து வந்தா அந்த இடம் மட்டும் சீக்கிரம் ஆறும், அங்க இருக்கிற தையல் தளர்ந்துடும். தளர்ந்த நூல்ல சளி ஒட்டும், கிருமி சேரும், அதே குழாய் வழியா எதிர்ப்பு செல்களும் வந்து சேரும். வெளிய பார்க்கிறவங்களுக்கு லேசான செவப்பு, உறுத்தல், கண்ணீர் மட்டும்தான் தெரியும்.

இந்தப் போராட்டம் ஆரம்பத்துல இருந்தே உண்டு. 1905 டிசம்பர் 7 அன்னைக்கு, இன்னைக்கு செக் நாட்டுல இருக்கிற ஓலோமோட்ஸ்ல எட்வர்ட் ட்ஸிர்ம், சுண்ணாம்பு பட்டு பார்வை போன அலோயிஸ் க்ளோகாருக்கு ரெண்டு கண்ணுலயும் கருவிழி வச்சார். ஒண்ணு தோத்தது, ஒண்ணு தெளிவா நின்னது. நம்ம ஊர்ல டாக்டர் முத்தையா 1945ல சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில இந்தியாவோட முதல் கண் வங்கியைத் தொடங்கினார். இப்போ உள் அடுக்கு மட்டும் கெட்டிருந்தா சின்ன வெட்டு வழியா அதை மட்டும் மாத்துறாங்க, சுத்தித் தையலே தேவையில்ல. தாத்தாவுக்கு அந்த வழி கிடையாது, அவருக்குக் கெட்டது முழுத் தடிமன்.

அன்னைக்கு சாயங்காலமே சிதம்பரம் போய், அவரைப் பஸ்ல ஏத்தி, கடலூர் வழியா ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். "இதுக்குப் போயி ராத்திரியிலயா"ன்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தார். கண்ணுல ஒரு சாயம் தடவி நீல வெளிச்சத்துல பார்த்தாங்க. உள்ள இருந்து தண்ணி கசிஞ்சா சாயத்துல கோடு மாதிரி ஓடித் தெரியும், பஞ்சர் கடையில ட்யூபைத் தண்ணியில முக்கிப் பார்ப்பாங்களே, அதே வேலை. கசிவு இல்ல. ஆனா கீழ்ப்பக்கம் ஒரு தையல் தளர்ந்து, அதைச் சுத்தி கடுகு அளவுக்கு வெள்ளையா இருந்தது. தையலை எடுத்துட்டு அந்த இடத்தைச் சுரண்டி டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. மெடிக்கல்ல வாங்கின சொட்டு பாட்டிலைக் காட்டினேன். அதுல ஸ்டீராய்டு இருந்தது. டாக்டர் அதைக் கையில வாங்கிப் படிச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம குப்பைத் தொட்டியில போட்டார்.

மூணு வாரம் மணிக்கொரு சொட்டு. இப்போ ஓரத்துல சின்னத் தழும்பு இருக்கு, நடுவுல தெளிவு. 15 தையல் பாக்கி. ராத்திரி பிளாஸ்டிக் மூடி போட்டுத்தான் தூங்குறார், வயல் பக்கம் போனா கண்ணாடி. கண்ணு அரிச்சா மட்டும் கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு எனக்கு ஃபோன் போடச் சொல்லி பாட்டியைக் கூப்பிடுறார்.