மண்ணின் நாடி: எஸ் அலை வேகத்தை அளப்பதும் கணிப்பதும்

1985 செப்டம்பர் 19. மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தள்ளியிருந்த மெக்சிகோ நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆனால், அதே நகரில் பாறை மேல் நின்ற கட்டடங்களுக்குப் பெரிய சேதமில்லை. பழைய ஏரிப்படுகையின் களிமண் மேல் நின்றவைதாம் சரிந்தன. அங்குப் பதிவான அதிர்வு, பாறையில் பதிவானதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு.

ஒரே நகரில் ஏன் இந்த வேறுபாடு? விடை மண்ணில் இருக்கிறது. அந்த மண்ணின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வழியே எஸ் அலை வேகம்.

எஸ் அலை என்றால் என்ன?

நிலத்துக்குள் இரு வகை அலைகள் பயணிக்கின்றன. பி அலை, மண் துகள்களைத் தான் செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் தள்ளும். எஸ் அலை, அவற்றைக் குறுக்காக அசைக்கும். தட்டில் உள்ள அகார் அகாரைப் பக்கவாட்டில் ஆட்டினால் எப்படி நெளிகிறதோ, அப்படி. இதைச் சறுக்குப்பெயர்ச்சி அலை என்றும் கூறுவர்.

நீருக்குச் சறுக்குப்பெயர்ச்சி விறைப்பு இல்லாததால் எஸ் அலை நீரில் செல்லாது. நீர் நிறைந்த மண்ணில் பி அலை வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகம் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். எஸ் அலையோ மண் துகள்களின் கட்டமைப்பை மட்டுமே சொல்லும்.

மண்ணின் அடர்த்தியை எஸ் அலை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், சிறு அசைவுகளின்போது மண்ணுக்குள்ள விறைப்பு கிடைக்கும். எனவே, வேகம் இரட்டித்தால் விறைப்பு நான்கு மடங்காகும். வேகத்தில் 10 விழுக்காடு பிழை வந்தால், விறைப்பில் ஏறக்குறைய 20 விழுக்காடு பிழை வரும்.

எப்படி அளக்கிறோம்?

முதல் வழி, துளையிட்டு அளப்பது. தரையில் ஒரு மரக்கட்டையை வைத்து, அதன் மேல் வாகனச் சக்கரத்தை ஏற்றி அழுத்த வேண்டும். பின்னர்க் கட்டையின் ஒரு முனையைச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். துளைக்குள் இறக்கிய உணர்கருவி, அலை வந்து சேரும் நேரத்தைப் பதியும். அடுத்து மறுமுனையை அடித்தால் எஸ் அலை தலைகீழாகப் பதிவாகும். இரண்டு பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், அவை பிரியும் இடமே எஸ் அலை வந்த நேரம்! இரண்டு மூன்று துளைகளுக்கு இடையே கிடையாக அளக்கும் முறையும் உண்டு. அது துல்லியமானது, செலவும் அதிகம்.

இரண்டாம் வழி, துளையே இல்லாமல் மேற்பரப்பு அலைகளைக் கொண்டு அளப்பது. குறுகிய அலைகள் மேல்மண்ணையும் நீண்ட அலைகள் ஆழத்தையும் தொட்டுச் செல்கின்றன. அவற்றின் வேக வேறுபாட்டிலிருந்து அடுக்குகளைக் கணக்கிடலாம். ஆனால், ஒரே பதிவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்தக்கூடும். எனவே, அருகில் ஒரு துளையாவது இருந்தால் நல்லது.

மூன்றாவது, ஆய்வுக்கூடச் சோதனை. பாறையில் இதற்கு எச்சரிக்கை தேவை. கையிலுள்ள பாறைத் துண்டு உறுதியானது. மலையிலோ வெடிப்புகள் இருக்கும். அதனால் ஆய்வுக்கூட வேகம் களத்து வேகத்தைவிடக் கூடுதலாகவே வரும்.

கணிப்பதும் அதன் எல்லையும்

எல்லாத் தளங்களிலும் அளக்கப் பணம் இருக்காது. எனவே, நியம ஊடுருவல் சோதனையின் அடி எண்ணிக்கையிலிருந்து வேகத்தைக் கணிக்கிறார்கள். ஜப்பானின் இமாய், தோனோஉச்சி 1982-இல் தந்த சூத்திரம்: அடி எண்ணிக்கையின் 0.314 அடுக்கை 97-ஆல் பெருக்க வேண்டும். எண்ணிக்கை 20 என்றால், வேகம் வினாடிக்குச் சுமார் 248 மீட்டர்.

மென்மையான கடற்களிமண்ணில் சுத்தியலின் எடையிலேயே கருவி இறங்கிவிடும், எண்ணிக்கை பூச்சியம். சூத்திரப்படி வேகமும் பூச்சியம்! எந்த மண்ணிலும் அப்படி இருக்க முடியாது. எந்த இடத்தில் நேரடி அளவீடு மிகவும் தேவையோ, அந்த இடத்திலேயே சூத்திரம் கைவிடுகிறது.

ஒரு சிறு கணக்கு

10 மீட்டர் தடிமனுள்ள மூன்று அடுக்குகள். வேகங்கள் மேலிருந்து 100, 200, 400. சராசரி என்ன? கூட்டி மூன்றால் வகுத்தால் 233. இது தவறு. அலை எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கூட்ட வேண்டும்: 0.1 + 0.05 + 0.025 = 0.175 வினாடி. 30 மீட்டரை அதனால் வகுத்தால் 171. 2004-இன் யூரோகோட் 8-இல் 180-க்குக் கீழ் ‘டி’ வகை. 180 முதல் 360 வரை ‘சி’ வகை. ஆக, தவறான சராசரி மென்மையான நிலத்தை உறுதியான நிலமாகக் காட்டிவிடுகிறது.

மெக்சிகோ களிமண்ணின் வேகம் சுமார் 75 மீட்டர். தடிமன் சுமார் 38 மீட்டர். தடிமனை நான்கால் பெருக்கி வேகத்தால் வகுத்தால், நிலம் ஒருமுறை ஆடும் நேரம் கிடைக்கும்: 2 வினாடி. அந்தத் தாளத்துக்கு ஒத்து ஆடியவை ஐந்து முதல் இருபது மாடிக் கட்டடங்கள். அவையே அதிகம் பாதிக்கப்பட்டன.

நமக்கு இது எதற்கு?

2004 டிசம்பர் 26-இல் சுமத்ரா நிலநடுக்கத்தின் அதிர்வைப் பினாங்கு, கோலாலம்பூர் அடுக்குமாடிகளிலும் உணர்ந்தார்கள். 2015 ஜூன் 5-இல் சபாவின் ரானாவ் நிலநடுக்கத்தில் கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தனர். நம் நாடு நடுங்காத நாடு என்ற எண்ணத்தை இனியும் பிடித்துக்கொண்டிருக்க இயலாது.

பொறியியல் பயிலும் நண்பர்களே, நாளை நில ஆய்வு அறிக்கை ஒன்று உங்கள் மேசைக்கு வரும். அதில் எஸ் அலை வேகம் என்று ஓர் எண் இருக்கும். அது அளந்த எண்ணா, கணித்த எண்ணா என்று கேளுங்கள். அதன் மேல் குடியிருக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாது.