உன்னிடம் கேட்கப்படாத கேள்வி

அன்புத் தம்பி,

குருப்பட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. இப்போது கடிதம் எழுதி, "எனக்குத் தகுதியில்லை, ஆயரிடம் சொல்லி நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறாய். தைரியமாக இரு என்று ஒரு வார்த்தையில் உன்னை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. குருப்பட்டத் திருச்சடங்கு நூலை எடுத்து நிதானமாக ஒருமுறை படி.

உன் பெயரைச் சொல்லி அழைப்பார்கள், நீ முன்னே போவாய். அடுத்து ஆயர், இவர் தகுதியானவர்தானா என்று கேட்பார். யாரிடம்? உன்னை முன்னிறுத்தும் குருவிடம். மக்களிடம் விசாரித்து, உன்னை உருவாக்கியவர்களின் கருத்தையும் அறிந்து, அவர்தான் சாட்சி சொல்வார். நீ பேசாமல் நிற்பாய். உனக்கென்று வரும் கேள்விகள் பிறகுதான்: இறைவார்த்தையை அறிவிக்க, திருப்பலி நிறைவேற்ற, மக்களுக்காக மன்றாட உறுதி கொள்கிறாயா என்று. தகுதியை மட்டும் உன்னிடம் கேட்காமல் விட்டது தற்செயல் என்று நான் நம்பவில்லை. தன்னைத் தானே எடைபோடுகிறவன் கூட்டியோ குறைத்தோதான் சொல்வான்.

அகுஸ்தீனாரை 391இல் ஹிப்போ நகர மக்கள் வற்புறுத்திக் குருவாக்கியபோது அவர் அழுதார். பிறகு ஆயர் வலேரியுசுக்குக் கடிதம் எழுதி, மறைநூலைப் படிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டார். தன்னிடம் குறைவது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கான வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். உன் கடிதத்தில் நான் தேடியது அதைத்தான். "தகுதியில்லை" என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறதே தவிர, எதில் என்று ஓரிடத்திலும் இல்லை.

ஜான் மரிய வியான்னியை உனக்குத் தெரியும். இலத்தீன் வராமல் குருமடத்தில் திணறியவர். 1815இல் பட்டம் கொடுத்தும், பாவசங்கீர்த்தனம் கேட்கும் அனுமதியைத் தொடக்கத்தில் கொடுக்கவில்லை. அவரேதான் பின்னாளில் ஆர்ஸ் என்ற சிற்றூரில் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்தார். பிரான்ஸ் முழுவதிலிருந்தும் மக்கள் வந்து காத்துக் கிடந்தார்கள். அத்தனைக்குப் பிறகும், பங்கை நடத்த நான் லாயக்கில்லை என்று ஊரைவிட்டுப் போகப் பார்த்தார். ஒருமுறை அல்ல, பலமுறை. 1853இல், அறுபத்தேழு வயதிலும் கிளம்பினார், மக்கள் விடவில்லை. அந்த உணர்வு போகட்டும், பிறகு பட்டம் வாங்கிக்கொள்கிறேன் என்று நீ காத்திருந்தால் எத்தனை வருடம் காத்திருப்பாய்?

ஆனால் ஒன்றை உன்னிடம் நேராகவே கேட்கிறேன். அம்மா வேளாங்கண்ணியில் நேர்ந்துகொண்டதற்காக மட்டும் வந்தாயா? யாரிடமும் சொல்லாத பழக்கமோ, உன்னால் காயப்பட்ட ஒருவரோ உண்டா? இருந்தால் அதைத் தாழ்ச்சி என்ற பெயரில் மூடி வைக்காதே. இந்த வாரமே ஆன்ம குருவிடம் போய் முழுதாகச் சொல். தள்ளிவைக்க வேண்டுமென்றால் தள்ளிவைக்கலாம், அதில் வெட்கம் இல்லை. அழைப்பிதழ் அச்சாகிவிட்டதே என்று ஒருவரும் குருவாகக் கூடாது.

அப்படி எதுவும் இல்லை, வெறும் பயம்தான் என்றால், படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு வெள்ளிதோறும் நற்கருணை கொண்டுபோகிறாயே, அதை ஒரு வாரமும் விடாதே. அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டு வா. பிறகு எனக்கு எழுது.